வெளிச்சத்தை மூச்சாக்கும் கண்ணாடி

உலகத்தில் இல்லாத ஒரு கருவியைக் கதையில் வைத்து ஒருவனைப் பிழைக்க வைத்தால், அது பொய்யா? அவளுடைய தம்பி கேட்ட கேள்வி இது.

அவள் ஆக்ஸிஜன் சிலிண்டர் நிரப்பும் கூடத்தில் வேலை பார்த்தாள். மீட்டர் முள்ளைப் பார்த்தே, உள்ளே எத்தனை மணி நேர மூச்சு இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். ஓய்வு நேரத்தில் விண்வெளிக் கதைகள் எழுதினாள். அதிலும் கறார்தான். “இவகிட்ட பேய்க் கதை சொன்னாக்கூட, பேய் எத்தனை கிலோன்னு கேப்பா” என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டலடிப்பார்கள்.

எழுதியதையெல்லாம் முதலில் படிப்பவன் தம்பி. நுரையீரல் இறுகிப்போய், ஜன்னலோரக் கட்டிலில், அவள் நிரப்பிய சிலிண்டரோடு படுத்திருந்தான். புதிய கதையில் ஒரு விண்வெளி வீரன் நிலவில் தனியாக மாட்டிக்கொள்கிறான். காற்று ஆறு மணி நேரத்துக்குத்தான். உதவி வந்து சேர ஒன்பது மணி நேரம் ஆகும்.

“அவனைக் காப்பாத்திடுக்கா.”

“எப்படிடா? மூணு மணி நேரம் இடிக்குதே.”

“வெளிச்சத்தை மூச்சா மாத்தற கண்ணாடி ஒண்ணு வெச்சுடு.”

“அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது. இஷ்டத்துக்கு அளந்து விட்டா படிக்கறவன் சிரிப்பான்.”

“சிரிக்கட்டும். சிரிக்கவும் மூச்சு வேணும்ல?” இருமி ஓய்ந்த பிறகு சொன்னான்: “என் கணக்கை டாக்டர் சொல்லிட்டாருக்கா. கதையிலயாவது கணக்கு தப்பட்டுமே. அதுவும் பொய்யா?”

அவள் வால்வைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

கதையை மாற்றவில்லை. வீரன் செத்துப்போனான். ‘அறிவியல் பிசகாத கதை’ என்று பாராட்டிப் பத்திரிகை வெளியிட்டது. தம்பி கடைசி வரி வரை படித்தான். “கணக்கு சரிதான்” என்று சொல்லி, பத்திரிகையை மடித்துத் தலையணைக்கடியில் வைத்தான். பதினோராம் நாள் போய்விட்டான். சிலிண்டரில் இன்னும் இரண்டு மணி நேரக் காற்று மிச்சம் இருப்பதாக முள் காட்டியது.

பிறகு அவள் கதையைத் திருத்தி எழுதினாள். வீரன் அந்தக் கண்ணாடியைப் பூமியின் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்து, ஒன்பது மணி நேரமும் மூச்சுவிட்டான். ‘கண்ணாடி எப்படி இயங்குகிறது?’ என்று கேட்டுப் பத்திரிகை திருப்பி அனுப்பியது. நியாயமான கேள்விதான். அவளே கேட்டிருப்பாள்.

அந்தக் கதை எங்கும் அச்சாகவில்லை. அதனால் இதைப் படிக்கிறவர்கள், படுக்கையில் இருக்கும் யாருக்காவது அதைச் சொல்லுங்கள். கண்ணாடி எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால், தெரியாது என்றே சொல்லுங்கள். ஒன்பதாவது மணி நேரத்திலும் அவன் உயிரோடு இருந்தான் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.