பனிக்கட்டி மேல் பெண் கேட்கப் போனேன்

உறைந்த ஏரியில் மீன் பிடிக்க ஜெர்மனி போகலாமா என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தீர்கள். போகலாம். நான் போனது 1970 பிப்ரவரியில். ஆனால் மீனுக்காகப் போகவில்லை. பெண் கேட்கப் போனேன்.

அப்போது லைப்சிக்கில் வேதியியல் ஆராய்ச்சி மாணவன். அதே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஹில்டேயைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசை. அவளுக்கும்தான். "அப்பா சரின்னா சரி, இல்லேன்னா இல்லை" என்று கறாராகச் சொல்லிவிட்டாள். அப்பாவோ, "ஞாயித்துக்கிழமை மீன் பிடிக்கப் போறேன், வரச் சொல்லு" என்று சொல்லியனுப்பினார்.

அறைத்தோழன் ராஜேந்திரன் மதுரைக்காரன். "டேய், மாமனார் வீடுடா! குடுத்ததும் பறக்காவெட்டி மாதிரி வாங்கித் தின்னுடாதே. ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷன் போச்சுன்னா போச்சு" என்று அறிவுரை சொன்னான். பாவி!

சனிக்கிழமை காலை ஹில்டேயோடு ரயில். பெர்லினில் வண்டி மாறி, அவள் ஊரான வாரனில் இறங்கினோம். முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல், இருபத்தாறு மார்க். மறுநாள் விடிந்ததும் ஹில்டேயை வீட்டில் விட்டுவிட்டு அவள் அப்பாவும் நானும் ம்யூரிட்ஸ் ஏரிக்கு நடந்தோம். எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியவில்லை. அவர் கடப்பாரையால் தட்டித் தட்டி முன்னே போக, நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னே போனேன்.

முழங்கை ஆழத்துக்குத் துளை போட்ட பிறகுதான் தண்ணீர் வந்தது. பிடிக்க வந்த மீனுக்கு ட்ஸாண்டர் என்று பெயர். கண்ணாடிக் கண்ணும் கூரிய பல்லும் உள்ள நன்னீர் மீன். முழ நீளத் தூண்டிலில் குட்டி மீனைக் கோத்து, ஏரியின் அடிவரை இறக்கி, தூக்கித் தூக்கிப் போட வேண்டும். மற்றபடி காத்திருக்க வேண்டும்.

"டீ வேணுமா?" என்றார். "பரவாயில்லைங்க, வேண்டாம்" என்றேன். பிளாஸ்கை மூடிவிட்டார். ரொட்டி வேண்டுமா என்றார். வேண்டாம். கம்பளிக் கையுறை? வேண்டாம். ஒவ்வொன்றையும் ஒரே தடவைதான் கேட்டார். நம் ஊரில் இப்படி யாராவது விருந்தாளியை விடுவார்களா? வயிறு கப கப என்று எரிந்தது.

பொழுது சாயும் நேரத்தில் என் தூண்டில் வெடுக்கென்று வளைந்தது. விரல் மடங்கவில்லை. மீன் தூண்டிலோடு துளைக்குள் போய்விட்டது.

அவர் என் கையைப் பிடித்துப் பார்த்தார். நீலம் பாரித்திருந்தது. "குளிருதுன்னு ஏன் சொல்லலை?"

"எங்க ஊர்ல முதல்ல வேண்டாம்னுதான் சொல்லுவோம். வற்புறுத்தினா வாங்கிக்குவோம்."

அவர் என் கையை விட்டார். "நீங்க வேண்டாம்னா வேணும்னு அர்த்தம். அப்ப, என் பொண்ணு வேணும்னு சொன்னா நான் என்னன்னு எடுத்துக்கறது?"

அவரே தொடர்ந்தார்.

"இந்தியாவுக்குக் கூட்டிட்டுப் போயிடுவீங்க. எங்களைப் பார்க்கத் திரும்பக் கூட்டிட்டு வருவீங்களா?"

'கண்டிப்பாங்க' என்பது நுனி நாக்குவரை வந்தது. விழுங்கினேன். "தெரியாதுங்க. விமான டிக்கெட்டுக்குக் கையில காசு இருக்குமான்னே தெரியாது. வர முடியாமலே போகலாம்."

அவர் முகம் வாடிவிட்டது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் தன் தூண்டிலைச் சுருட்டி வைத்தார். பிறகு தன் கையுறையைக் கழற்றி, அவரே என் கையில் மாட்டிவிட்டார். டீயை ஊற்றி நீட்டினார். "குடி, ஆறிடும். கல்யாணத்தை இங்கேயே வச்சுக்குவோம்."

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். இப்போதெல்லாம் ஏரி எல்லா ஆண்டும் உறைவதில்லை. உள்ளூர் மீனவரைக் கேட்காமல் பனிக்கட்டியில் கால் வைக்காதீர்கள், தனியாகப் போகவே போகாதீர்கள். மீன் பிடிக்க அனுமதிச் சீட்டு வேண்டும். காலுக்கு இரண்டு ஜோடிக் கம்பளி உறை போடுங்கள். யாராவது டீ கொடுத்தால் உடனே வாங்கிக் குடியுங்கள்.

நான் பயந்தபடியேதான் ஆயிற்று. குழந்தைகள், வீட்டுக் கடன், ஆராய்ச்சி வேலைச் சம்பளம். ஹில்டேயும் நானும் திரும்ப வாரனுக்குப் போனபோது அவள் அப்பாவின் கல்லறையில் புல் முளைத்திருந்தது. மகளை இனிப் பார்க்க முடியாமல் போகலாம் என்று என் வாயாலேயே கேட்ட பிறகுதான் அந்த மனிதர் அவளை எனக்குக் கொடுத்தார்.