நீல டின்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கொட்டகையில் இருந்தது அப்பா, அவருடைய முதலாளி, நான். இல்லாதவர் ஒருவர்தான்: அப்பாவோடு வேலை செய்யும் வங்காளதேசத்துக்காரர். அன்று அவருக்கு லீவு. பினாங்கில் இருக்கும் அண்ணனைப் பார்க்கப் போயிருந்தார்.

கொட்டகை செமோர் ஊரைத் தாண்டி, ஒரு பழைய ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில் இருக்கிறது. சாய்த்த மரங்களை அங்கே ஒரு வட்டவாள் விறகுக்குத் துண்டு போடும். டீசல் இஞ்சின் பம்பைச் சுற்றும், பம்பு எண்ணெயை அழுத்தி அனுப்பும், அந்த எண்ணெயின் வேகத்தில்தான் வாள் சுற்றும். இரண்டு நாளாக அது பாதி மரத்தில் நின்றுபோய்க்கொண்டிருந்தது.

முதலாளி சிம்பாங் பூலாயில் இன்னொரு வாள் போடுவதாக இருந்தார். அதன் பொறுப்பு தனக்கு வரும் என்று அப்பா நம்பியிருந்தார். சம்பளம் கொஞ்சம் கூடும். ஐம்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக ஒரு சாவிக்கொத்து அவர் இடுப்பில் தொங்கும். அந்த நேரம் பார்த்து வாள் படுத்துவிட்டது. "மெக்கானிக் எதுக்கு முதலாளி, என் மவன் பொலிடெக்னிக்ல மெஷின் படிச்சவன்" என்று சொல்லிவிட்டு, குனோங் ராபாட்டில் இருக்கும் வீட்டிலிருந்து என்னை மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

இஞ்சினைப் போட்டதும் பம்பு ஊளையிட்டது. மரம் இல்லாதபோது வாள் சுற்றியது. மரத்தைத் தொட்டதும் திணறி நின்றது. பல்லைத் தடவிப் பார்த்தேன், கூர்மையாக இருந்தது. பெல்ட் இறுக்கம் சரி. தொட்டியில் எண்ணெய் அளவும் சரி. பம்புக்குப் போகும் ரப்பர் குழாயில் எங்காவது காற்று உறிஞ்சுகிறதா என்று காதை வைத்துக் கேட்டேன்.

"என்னா தம்பி, நீ படிச்சது மெஷினா, டாக்டருக்கா?" என்றார் முதலாளி. "நெஞ்சுல சளி இருக்காண்ணு கேளு லா."

அப்பா சிரித்தார். அவருக்கு அன்று எல்லாமே சிரிப்பாக இருந்தது.

"காலையிலதான் ரொம்ப மோசமா?" என்று அப்பாவிடம் கேட்டேன்.

"ஆமாப்பா. வெயில் ஏறுனா கொஞ்சம் அறுக்கும்."

அதைக் கேட்டதும் எனக்குப் பிடிபட்டது. சூடானால் இளகுகிறது என்றால் கோளாறு எண்ணெயில். தொட்டி மூடியைத் திறந்தேன். கந்தக வாடை அடித்தது. குச்சியை விட்டு எடுத்தேன். எண்ணெய் தேன் மாதிரி மெதுவாக வடிந்தது. பம்பால் அதை இழுக்க முடியவில்லை, அதனால்தான் அந்த ஊளை. சுவரோரம் ஒரு காலி நீல டின் கிடந்தது. அதைத் தூக்கி வந்து முதலாளிக்கு முன்னால் வைத்து, மேலே இருந்த எழுத்தில் விரலை ஓட்டினேன்.

"இது லாரி கியர்பெட்டிக்கு ஊத்துற எண்ணெய். இங்கயே பெருசா எழுதியிருக்கு. படிக்கத் தெரிஞ்ச எவனும் இத எடுத்து இதுல ஊத்தமாட்டான்."

ஊற்றியது அந்த வங்காளதேசத்துக்காரர் என்றுதான் நான் நினைத்தேன். முதலாளியும் அப்படியே நினைத்தார்.

"அந்தப் பையன்தான். நாளைக்கு வரட்டும், சம்பளத்துல புடிச்சாத்தான் புத்தி வரும்."

அப்பா கையிலிருந்த துணியை மடித்தார். பிறகு இன்னொரு தடவை மடித்தார்.

"அவன் இல்ல முதலாளி. வியாழக்கெழம நாந்தான் பழச எறக்கிட்டு ஊத்துனேன். நீல டின்னுதானேன்னு ஊத்திட்டேன்."

முதலாளி டின்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். மூன்று வருடமாக அவர் கொடுக்கும் தாளையெல்லாம் அப்பா கையை நீட்டித் தூரப் பிடித்து, படிப்பவர் போலப் பார்த்துத் தலையாட்டி, கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார். அந்தக் கையெழுத்தைப் போடச் சொல்லிக்கொடுத்தவன் நான். "நீலம் வாளுக்கு, சிவப்பு லாரிக்கு, மறந்துறாதீங்க" என்று சொல்லிக்கொடுத்தவனும் நான்தான். எழுத்தைச் சொல்லிக்கொடுக்க நேரமாகும். நிறத்தைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். கடைக்காரர் வேறு கம்பெனிச் சரக்கு மாற்றினால் நிறமும் மாறும் என்று நான் யோசிக்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்த கதையை அப்பா வெளியே சொல்லவும் இல்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

"சிம்பாங் பூலாயில பில்லு, டெலிவரி தாளு எல்லாம் வரும்ணே" என்றார் முதலாளி. குரல் தணிந்திருந்தது. "அதான்... பாப்போம்."

"வெளங்குது முதலாளி. எண்ணெய்க் காச என் சம்பளத்துலயே புடிச்சுக்குங்க."

"நான் குடுக்கறேம்ப்பா" என்றேன்.

"நீ வந்து பாத்து சொன்னல்ல. அது போதும்."

முதலாளி லாரியை எடுத்துக்கொண்டு செமோர் கடைக்குப் போனார். நாங்கள் இருவரும் கெட்ட எண்ணெயை இறக்கினோம், பில்டரைக் கழற்றினோம். முதலாளி திரும்பி வந்ததும் ஒரு டின் ஊற்றிக் கழுவி இறக்கிவிட்டுத் தொட்டியை நிரப்பினோம். பம்பின் ஊளை நின்றது. வாள் மரத்துக்குள் வெள்ளரிக்காயில் இறங்குவது போல இறங்கியது.

முதலாளி பில்லை நீட்டினார். அப்பா வாங்கினார். இந்தத் தடவை கையை நீட்டித் தூரப் பிடிக்கவில்லை; பார்க்கவே இல்லை. முதலாளி நிற்கும்போதே என்னிடம் கொடுத்தார்.

"படிப்பா. சத்தமா படி."

நான்கு டின் எண்ணெய், ஒரு பில்டர். நான் படித்தேன். கடைசி வரியை மட்டும் தாழ்ந்த குரலில் படித்தேன். அப்பா இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

எண்ணூற்றுப் பத்து ரிங்கிட்.