புள்ளி விழாத பாதை

எங்கள் திட்ட அலுவலகத்தில் இரண்டு ஜீப்புகள், இரண்டு டிரைவர்கள், ஆளுக்கொரு மலைப்பாதை. ஒருவருக்கு நாங்கள் வைத்த பெயர் மிக்சி. அவர் வண்டியில் மலையேறினால் காலையில் சாப்பிட்டது வயிற்றுக்குள் எல்லாத் திசையிலும் சுற்றிவிட்டு வெளியே வரும். மற்றவர் பஞ்சு. இது பஞ்சுவின் கதை.

பஞ்சுவின் கால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காது, தடவிக் கொடுக்கும். டேஷ்போர்டில் டம்ளர் நிறைய டீயை வைத்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவார். ஒரு சொட்டுச் சிந்தாது. "இத்தனை வருஷத்துல என் வண்டியில ஒருத்தர் வாந்தி எடுத்ததில்ல" என்பதைக் கேட்டவரிடமும் சொல்வார், கேட்காதவரிடமும் சொல்வார். ஒருமுறை துக்க வீட்டில்கூடச் சொன்னார்.

அவருக்கு இன்னொரு கொள்கையும் உண்டு. "ஸ்டீரிங் என்னோடது, பிரேக் ஆபீசரோடது." அதிகாரி சொன்னால் நிற்பார். சொல்லாவிட்டால், தனக்கே அவசரமாக இறங்க வேண்டியிருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவார்.

என் வேலை வரைபடம். மாநில எல்லை வரை உள்ள இந்த மலையில் எந்த ஊருக்கு நர்ஸ், எந்த ஊருக்கு பஸ், எந்த ஊரைக் காலி செய்து கீழே கொண்டுவருவது என்று முடிவு செய்வதுதான் எங்கள் அலுவலகத்தின் பிழைப்பு. அதிகாரிகள் மேலே போய்ப் பார்ப்பார்கள். சுருட்டிய வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் பின் சீட்டில் உட்கார்ந்திருப்பேன். அவர்கள் இறங்கிப் பார்த்த ஊருக்குச் சிவப்புப் புள்ளி வைப்பேன். புள்ளி விழுந்த ஊருக்கு வசதி வரும். விழாத சின்ன ஊருக்குப் பென்சிலால் சாம்பல் வண்ணம். சாம்பல் என்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

மிக்சியின் பாதையில் அம்மை போட்டதுபோல் சிவப்புப் புள்ளிகள். பஞ்சுவின் பாதையில் எல்லை வரை ஒன்றுகூட இல்லை. இதற்குப் பெரிய அறிவியல் காரணம் எதுவும் கிடையாது. மிக்சியின் வண்டியில் வளைவுக்கு வளைவு அதிகாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். பக்கத்து வீட்டிலிருந்து யாராவது தண்ணீர் கொண்டுவருவார்கள். வாயைக் கொப்பளித்த மரியாதைக்கு, "இங்க எத்தனை வீடு? நர்ஸ் வருவாங்களா?" என்று அதிகாரி கேட்பார். அடுத்த வருடம் நர்ஸ் வந்துவிடுவார். ஒரு பெரிய அதிகாரி போகும்போதும் வரும்போதும் குனிந்து நின்ற வளைவில் இன்றைக்கு ஒரு பேங்க் இருக்கிறது. பஞ்சுவின் வண்டியிலோ அதிகாரிகள் இரண்டாவது வளைவிலேயே தூங்கிப்போவார்கள். எல்லைச் சாவடியில் எழுந்து டீ குடித்துவிட்டு, இறங்கும்போது மறுபடியும் தூங்குவார்கள்.

அந்தச் சாவடிக்குச் சற்றுக் கீழே, கடைசி வளைவில்தான் பஞ்சுவின் தங்கை வீடு. அங்கே நாலைந்து வீடுகள். எல்லாம் என் கையால் சாம்பல் பூசியவை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாங்கிய குடையைத் திருப்பிக் கொடுக்க நான் பஞ்சுவின் வீட்டுக்குப் போனபோது தங்கை வந்திருந்தாள். எள்ளும் கொள்ளும் வெடிக்கும் முகம்.

"அந்த மிக்சி அண்ணன் ரோட்டுல பேங்க்கே வந்துடுச்சு. உன் ரோட்டுல ஒரு நர்ஸ்கூட இல்ல. இப்ப எங்களைக் காலி பண்ணச் சொல்றாங்க."

"அதுக்கு நான் என்னம்மா பண்ணட்டும்?"

"ஆபீசரை வெச்சுக்கிட்டு என் வீட்டு வாசல்ல ஒரு தடவை வண்டியை நிறுத்து."

"அவங்க சொல்லாம நான் நிறுத்த மாட்டேன்னு உனக்குத் தெரியாதா?"

"அப்ப அவங்களுக்கு வாந்தி வர்ற மாதிரி ஓட்டு."

பஞ்சுவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கொலை செய்யச் சொன்னால்கூட இவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டார். "இந்தக் காதால இதையும் கேக்கணுமா!" என்றார்.

"கேளு. எங்க வயல்ல இருந்த ஒவ்வொரு கல்லையும் நானும் உன் மச்சானும் கையால பொறுக்கினோம். கீழே சிமெண்ட் தரையிலயா உருளைக்கிழங்கு போடறது?"

சாப்பிடாமலே கிளம்பிப் போனாள். பஞ்சுவின் மனைவி தட்டை எடுத்துக்கொண்டே, "ஒரே ஒரு நாள் மோசமா ஓட்டினா குடியா முழுகிடும்?" என்றாள்.

அந்த வாரமே புது அதிகாரி வந்தார். ஒரு பெண். அவர் மேலே போய் வந்ததும் திட்டத்தை முடித்துக் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. காலையில் பஞ்சு கண்கள் சிவந்து வந்து நின்றார். டேஷ்போர்டில் டம்ளர் இல்லை.

முதல் வளைவில் பஞ்சு கண்ணை இறுக்கிக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். பெற்ற பிள்ளையை அடிப்பவர்போல் இருந்தது. என் தலை கூரையில் இடித்தது. அடுத்த வளைவில் திடீர் பிரேக். வரைபடம் என் வாயில் குத்தியது. அதிகாரியோ நிம்மதியாக வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தார்.

"நான் மலையிலயே பொறந்து வளர்ந்தவ" என்றார் பேச்சுவாக்கில். பஞ்சுவின் முகத்தில் ஈயாடவில்லை.

இன்னும் இரண்டு வளைவு அப்படியே ஓட்டிப் பார்த்தார். அதிகாரி அவரை உற்றுப் பார்த்தார். "டிரைவர், உடம்பு சரியில்லையா?"

"நல்லாதான் இருக்கேன் மேடம்."

"நல்லா இருக்கறவங்க இப்படி ஓட்ட மாட்டாங்க. நிறுத்துங்க, நான் ஓட்டறேன்."

பிரேக் ஆபீசருடையது அல்லவா, நிறுத்திவிட்டார். வாழ்நாளில் முதல்முறையாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார்.

அந்த அம்மா ஓட்டியதைப் பார்த்திருந்தால் மிக்சி காலில் விழுந்திருப்பார். இரண்டாவது வளைவில் பஞ்சு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் பேச்சு நின்றுவிட்டது. முகம் வாழைக்காய் நிறத்துக்கு வந்தது. "அண்ணே, ஜன்னலைத் திறக்கட்டுமா?" என்றேன். ஆசீர்வாதம் செய்வதுபோல் ஒரு கையை மட்டும் தூக்கினார். ஆனால் கண்கள் சாலையோர வீடுகளை விட்டு நகரவில்லை.

கடைசி வளைவு வந்தது. "மேடம், நிறுத்துங்க!" என்று கத்தினார். அவர் ஓர் அதிகாரிக்கு இட்ட முதல் உத்தரவு அது. இறங்கி ஓடித் தங்கை வீட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். இத்தனை வருடப் பெருமையும் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

தங்கை சிரிப்பாள் என்று நினைத்தேன். ஓடி வந்து அண்ணன் நெற்றியைத் தாங்கிக்கொண்டு அழுதாள். "அவங்களைத்தானே அண்ணா சொன்னேன், உன்னையா சொன்னேன்?"

"யாரைச் சொன்னீங்க?" என்றார் பின்னால் நின்ற அதிகாரி.

தங்கை மறைக்கவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். அதிகாரி கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு வீடு வீடாக நடந்தார். பக்கத்து வீட்டில் கால் முறிந்த ஒருவர் படுத்திருந்தார். கீழே தூக்கிப் போக ஆள் இல்லாததால் கால் கோணலாகவே கூடிவிட்டது. அங்கே வெகு நேரம் நின்றார். வயலின் கல் வரப்புகள் மேல் ஏறி எல்லைத் தூண்வரை போய்த் திரும்பினார்.

"புள்ளி வைங்க" என்றார் என்னிடம்.

அவர் ஓட்டிய ஓட்டில் என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. புள்ளி பெரிதாக விழுந்துவிட்டது. அச்சில் பார்த்தால் அந்த நாலைந்து வீடுகளும் ஒரு நகரம்போல் தெரிந்தன. நர்ஸ் வந்தார். பஸ்ஸும் வந்தது, அதுவும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. யார் என்ன சொன்னாலும் நான் அந்தப் புள்ளியைத் திருத்தவில்லை.

பஞ்சுவின் மானம் கப்பலேறியது. மிக்சி அலுவலகத்தில் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கொடுத்துக் கொண்டாடினார். பஞ்சு தன் பங்கை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். மனுஷன் ஒடிந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

திட்டம் என்றால் முடிவதற்கா போடுகிறார்கள்? அடுத்த வருடமே திருத்தம் தொடங்கியது. வேறோர் அதிகாரியுடன் மலையேறினோம். டேஷ்போர்டில் டம்ளர் நிறைய டீ. முதல் வளைவில் மூன்று வீடுகள். பஞ்சு தானாகவே வண்டியை நிறுத்தினார்.

"என்னப்பா?" என்றார் அதிகாரி.

"வாந்தி வர்ற மாதிரி இருக்கு சார். கொஞ்ச நேரம்."

இறங்கிப் போய் வேலியைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். அலுத்துப்போய் அதிகாரியும் இறங்கினார். ஒரு வீட்டிலிருந்து தண்ணீர் வந்தது. "இங்க எத்தனை வீடு?" என்று அவர் கேட்டதும் நான் சிவப்புப் பேனாவைத் திறந்தேன். அடுத்த வளைவிலும் பஞ்சுவுக்கு வாந்தி வர்ற மாதிரி இருந்தது. டம்ளரில் டீ அசையவே இல்லை.

அதிகாரிகளில், அன்றைக்கு ஜீப் ஓட்டிய அந்த அம்மாவுக்கு மட்டும் எல்லாம் தெரியும். மாலையில் வீட்டுக்குக் கிளம்பும்போது ஜீப் பக்கத்தில் நின்று, சிரிக்காமல் கேட்பார்:

"நாளைக்கு எந்த ஊர்ல வாந்தி, டிரைவர்?"