விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டு

பழைய ரோமானியர்களின் சுவர் ஓவியங்களுக்கு இத்தாலியத்தில் இருக்கும் தலைப்புகளை ஆங்கிலத்தில் எழுதித் தருவது என் வேலை. ஏற்காட்டில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்கிறேன் என்றால் யாரும் நம்புவதில்லை. கன்னியர் மடத்தில் சேர்வதற்காக இத்தாலிக்குப் போய், சில வருடம் இருந்து பார்த்துவிட்டு, நமக்கு இது ஒத்துவராது என்று திரும்பி வந்தவள் நான். மடம் கைவிட்டுப் போனது, பாஷை மட்டும் ஒட்டிக்கொண்டது. அதை வைத்துத்தான் பிழைப்பு ஓடுகிறது.

அந்தப் படங்களுக்கு வரைந்தவர்கள் பெயர் வைக்கவில்லை. மண்ணைத் தோண்டி எடுத்தவர்கள் கண்ணில் பட்டதைப் பார்த்துச் சூட்டிய பெயர்கள்தான். 'பழக்கூடையும் பறவையும்' என்று தலைப்பு இருக்கும். படத்தில் கூடை இருக்கும், பறவை இருக்காது. பெயர் வைத்த பிறகு அந்தப் பக்கத்துச் சுண்ணாம்பு உதிர்ந்து போயிருக்கும். இல்லாத பறவையை என்ன செய்வது என்று ஆரம்பத்தில் கேட்டேன். இந்தப் படங்களைப் புத்தகமாகத் தொகுக்கும் இத்தாலிய அம்மாள், தலைப்பில் இருப்பதை எழுதுங்கள், படத்தைப் பார்த்துத் திருத்த வேண்டாம் என்று பதில் போட்டார். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. யாரோ ஒருவருடைய சுவர், எங்கேயோ உதிர்ந்தால் எனக்கென்ன.

எங்கள் வீடு தலைச்சோலை போகும் வழியில், சரிவை வெட்டிச் சமப்படுத்திய இடத்தில் இருந்தது. பின்சுவரைத் தாண்டினால் மண்மேடு, அதன்மேல் காப்பிச் செடிகள். அம்மா இறந்த பிறகு அப்பாவும் நானும் மட்டும்தான். அப்பா எஸ்டேட்டில் ஆள்கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவர். காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்தே பழகிப்போனதால் வீட்டிலும் அவர் வைத்ததுதான் சட்டம். கிறிஸ்துமஸுக்குப் பெயிண்ட் அடிப்பதும் அவர்தான். அடிக்காத வீட்டுக்குள் பாலன் யேசு எப்படி வருவார் என்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் பேசுகிற பேச்சு. அதிலும் தான் படுக்கும் பின்னறைப் பக்கம் என்னை வரவே விடமாட்டார். கதவைச் சாத்திக்கொண்டு, வெள்ளைப் பட்டி மாவு பூசி, தேய்த்து, பெயிண்ட் அடித்து முடித்துவிட்டுத்தான் திறப்பார். நான் அதை ரைட்டர் வீம்பு என்று கேலி செய்வேன்.

போன வருடம் மழை கொஞ்சம் விட்டிருந்த நேரத்தில் அறைக்குப் பச்சை அடித்து முடித்தார். அந்த வாரம் எனக்கு வந்த படங்களில் ஒன்று 'ஓடும் குதிரை'. குதிரையின் வயிற்றைப் பிளந்துகொண்டு ஒரு விரிசல் போயிருந்தது. விரிசலுக்குக் குறுக்கே விரல் நீளத்தில் கண்ணாடித் துண்டு ஒன்று, இரண்டு முனையிலும் வெள்ளைப் பூச்சு வைத்து ஒட்டியிருந்தது. ஏதோ அடையாளச் சீட்டு என்று நினைத்து அதை என்னவென்று எழுதுவது என்று கேட்டேன். இத்தாலிய அம்மாள் எழுதினார்: "அது தலைப்பில் வராது. சுவரைக் கவனிக்க வைப்பது. சுவர் அசையாமல் நின்றால் கண்ணாடியும் நிற்கும். சுவர் கொஞ்சம் நகர்ந்தால்கூடக் கண்ணாடி உடைந்துவிடும், அதற்கு வளைந்து கொடுக்கத் தெரியாது."

அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே எதற்கோ அப்பாவின் அறைக்குள் போனேன். பெயிண்ட் வாசனைகூடப் போகவில்லை. ஜன்னல் மூலையிலிருந்து கட்டிலுக்கு மேலே கூரைவரைக்கும் தலைமுடி மாதிரி ஒரு கோடு ஏறியிருந்தது. நகத்தை வைத்துப் பார்த்தேன், விரிசல்தான்.

பழைய போட்டோ சட்டத்தின் கண்ணாடியை அறுத்து வாங்கி வந்து, அந்தக் கோட்டுக்குக் குறுக்கே ஒட்டினேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

"ஏங்கண்ணு, செவுத்துக்குப் பிளாஸ்திரி போடறயா?"

"உடையாம இருந்தாச் சரிங்கப்பா."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்துப் புயல் மழை பிடித்தது. மலைப்பாதையில் மண் சரிந்து பஸ்ஸெல்லாம் அடிவாரத்தோடு நின்றுவிட்டது. கீழே போகவும் வழியில்லை. கண்ணாடியைப் பார்த்தபடியே இருக்கலாம் என்று லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அப்பாவின் அறைக்கே போய்விட்டேன். அடுத்த தலைப்பு 'படுத்திருக்கும் முதியவர்'. படத்தில் முதியவரும் இல்லை, படுக்கையும் இல்லை, வெறும் சாந்து. எதிரே அப்பா போர்வையை இழுத்துக்கொண்டு படுத்திருந்தார். அதற்குமேல் ஒரு சொல்கூட என்னால் எழுத முடியவில்லை.

மறுநாள் காலையில் பார்த்தால் கண்ணாடி இரண்டாக உடைந்திருந்தது.

"நீ சரியா ஒட்டியிருக்க மாட்ட," என்று சொல்லிவிட்டு அப்பா பட்டி டப்பாவைத் தேடப் போனார்.

"அப்பா, மழை விடற வரைக்கும் பக்கத்து ஊட்டு அக்காகிட்ட இருந்துக்கலாமுங்க. வாங்க."

"என்ற ஊட்டை உட்டுட்டு நான் எங்கியும் வரமாட்டேன்."

கெஞ்சினேன், திட்டினேன், அழுதும் பார்த்தேன். கடைசியில் மீதமிருந்த கண்ணாடியை அவர் கண்முன்னாலேயே ஒட்டிவிட்டு, இதுவும் உடைந்தால் வரவேண்டும் என்றேன். "சரி, நீயே ராணி," என்றார். சாப்பிட்டு முடித்து அவர் கட்டிலில் சாய்ந்திருந்தபோது 'டிக்' என்று ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை, பல்லி கத்துவதைவிடச் சின்னதுதான். அப்பா கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததே இல்லை. செருப்புகூடப் போடாமல் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

பக்கத்து வீட்டு அக்கா காப்பி போட்டுக் கொடுத்தார். டம்ளரை வாயில் வைக்கிற நேரத்தில், லாரியிலிருந்து மூட்டைகளைத் தள்ளிவிட்டது போலத் தொம்மென்று கேட்டது. எங்கிருந்து வந்த சத்தம் என்று மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

மழை தணிந்ததும் போய்ப் பார்த்தோம். பின்சுவர் முழுதும் உள்ளே விழுந்து, அதன்மேல் சேறும் காப்பிச் செடிகளும் கிடந்தன. கட்டிலின் ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது. நான் அங்கேயே குந்திவிட்டேன். காலடியில் கிடந்த சுவர்க் கட்டியில் பச்சைக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே மஞ்சள், அதற்கும் கீழே ரோஸ் தெரிந்தது. ஒவ்வொரு நிறத்துக்கு அடியிலும் அதே கோட்டை அடைத்த வெள்ளைப் பட்டி. எல்லாம் நான் திரும்பி வந்த பிறகு அடித்த நிறங்கள்.

"முன்னாடியே தெரியுமாங்கப்பா?" கட்டியை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

அவர் கட்டில் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ வந்த வருசமே தெரியும் கண்ணு. சொன்னா, இங்க இருக்க வேண்டாம்னு சேலத்துக்குக் கூப்பிடுவ. நான் வரமாட்டேன். நீ மட்டும் போயிருவ. அந்தப் பயத்துல பூசீட்டே இருந்துட்டேன்."

"அப்புறம் மழை பெய்யறப்ப அங்க எப்படிங்க தூங்குனீங்க?"

"தூங்குனேன்னு யாரு சொன்னா? மழை வந்தாப் பயத்துல உக்காந்துட்டேதான் இருப்பேன். நொம்பச் சத்தமாப் பேஞ்சா ஜெபம் பண்ணுவேன்."

அத்தனை வருட மழையிலும் அடுத்த அறையில் நான் நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.