வெள்ளையாக விட்ட முப்பத்தேழு

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தபோது சுமதியின் போன் வந்தது. பழைய கம்பெனியில் என்னோடு ஒரே லைனில் நின்றவள். “மலரு, தேவசகாயம் அண்ணன் பூட்டாருடி. நெஞ்சு வலியாம். பென்னலூர் வூட்லதான் வச்சிகிறாங்க.” எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. இனி யாரோடு சண்டை போடுவேன்?

அவரைத் தெரிந்தவர்கள் இதைப் படிப்பீர்கள். நல்லதை மட்டும் எழுத என்னால் ஆகவில்லை.

ஒரகடம் பக்கத்து உதிரிபாகக் கம்பெனியில் நான் அசெம்பிளி, அவர் குவாலிட்டி. டீ நேரத்தில் நாங்கள் போனைப் பார்ப்போம். அவர் அரசியலமைப்புச் சட்டம் படிப்பார். மக்கள் நலனுக்கு அரசு என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் நெறிமுறைப் பகுதி அவருக்கு உயிர். அதிலும் 43அ. தொழிற்சாலை நிர்வாகத்தில் தொழிலாளருக்கும் பங்கு கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும் என்பது அது. நாற்பத்திரண்டாவது திருத்தத்தில் சேர்த்தது.

“மொதல்ல நம்பளுக்கு இதுல எடமே இல்ல. அப்பால திருத்தி, ஷேர் ஆட்டோல கடைசியா ஏறுறவனுக்கு டிரைவர் பக்கத்துல எடம் பண்றாமாரி, ஒரு ‘அ’னா போட்டு குந்த வச்சிகிறாங்க” என்பார். அது எமர்ஜென்சியில் வந்த திருத்தமாச்சே, வாயைக் கட்டிவிட்டா சீட்டு கொடுத்தார்கள் என்று வம்புக்கு இழுத்தேன். “யார் குட்த்தா இன்னா, குந்திக்க எடம் கீதா இல்லியா?”

அந்தப் பகுதியை ஜெராக்ஸ் எடுத்து எங்கள் லைனில் எல்லோருக்கும் கொடுத்தார். 36க்கும் 38க்கும் நடுவே ஒரு வெள்ளைக் கட்டம். என்னண்ணே இது என்றேன். “மெஷின் சரியா புடிக்கல, உடு” என்றார். நானும் விட்டுவிட்டேன்.

பிறகு லைன் வேகத்தைக் கூட்டினார்கள். எங்களைக் கேட்காமல் கூட்டக் கூடாது என்று 43அ-வைக் காட்டி மனு கொடுத்து வேலையை நிறுத்தினோம். கூட்டியதில் பாதியைக் குறைக்க நிர்வாகம் சம்மதித்தது. சுமதி ஒத்துக்கொள்ளலாம் என்றாள். “சட்டம் நம்ம பக்கம் கீது. கோர்ட்டுக்குப் போனா மொத்தமும் வாங்கலாம்” என்றார் அண்ணன். அவர் பேச்சை நம்பி மறுத்தோம்.

சமரசப் பேச்சில் கம்பெனி வக்கீல் நிதானமாக 37ஐ வாசித்தார். இந்தப் பகுதியில் உள்ள எதையும் நீதிமன்றத்தின் மூலம் நிறைவேற்ற முடியாது. நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் மேசையைப் பார்த்தார். அங்கே அவர் புத்தகம் திறந்திருந்தது. 37ஐச் சுற்றி, ஸ்டிக்கர் ஒட்டி உரித்த பசைத் தடம். சோதித்துத் தேறிய பாகத்தின் மேல் அவர் கையால் ஒட்டும் அதே ஸ்டிக்கரின் அளவு.

வேலையை நிறுத்திய எல்லோருக்கும் வேலை போனது, அவருக்கும்தான். வாசலில் மடக்கிக் கேட்டேன். “தெரிஞ்சேதான் மறைச்சீங்களா அண்ணே?”

“அத்த படிச்சிருந்தா ஒருத்தராவது கூட வந்திருப்பீங்களா, மலரு?”

அதன் பிறகு அவரோடு நான் பேசவில்லை.

பென்னலூருக்குப் போனேன். பெட்டியை மூடுமுன் அவர் மனைவி அந்தப் புத்தகத்தை என் கையில் வைத்தார். “உன்கிட்ட குடுக்கச் சொன்னாரு” என்றார். அன்றுதான் 37ஐ முழுசாகப் படித்தேன். வக்கீல் பாதியில் நிறுத்தியிருந்தார். ஆனாலும் இந்த நெறிகளே நாட்டின் ஆட்சிக்கு அடிப்படை, சட்டம் இயற்றும்போது இவற்றைக் கைக்கொள்வது அரசின் கடமை என்று மீதி இருக்கிறது. சமரசப் பேச்சு நடந்த அன்று எங்களில் ஒருவருக்காவது அது தெரிந்திருந்தால் எழுந்து வாசித்திருப்போம். எங்களுக்கு உதவும் பாதியையும் சேர்த்தே ஒட்டி மறைத்திருக்கிறார் இந்த மனிதர். அதை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தப் பசைத் தடம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில், இப்போது வேலை செய்யும் கம்பெனியின் ஹாஸ்டல் பெண்களுக்குப் படித்துக் காட்டும்போது 37ஐத்தான் முதலில் வாசிக்கிறேன். முதல் பாதியிலேயே பாதிப் பேர் எழுந்து போய்விடுகிறார்கள். அண்ணன் பயந்தது சரிதான். மிச்சம் இருப்பவர்களோடு 43அ-வுக்குப் போகிறேன்.