விரல் வைத்தால் மாறும் திரை

அரியலூரில் ஒரு பிரவுசிங் சென்டர். பெரம்பலூரிலிருந்து சர்வீஸுக்குப் போவேன். டெஸ்க்டாப் ஒன்று, லேப்டாப் ஒன்று. இரண்டுக்கும் ஒரே மானிட்டர், ஒரே கீபோர்டு. கீபோர்டை மாற்ற யூஎஸ்பி சுவிட்ச் உண்டு. மானிட்டரை மட்டும் ஆபரேட்டர் அனிதா அதன் பின்னால் இருக்கும் பட்டனைத் தடவி மாற்ற வேண்டும்.

“தானா மாறாதா சார்?”

“மாத்திட்டாப் போச்சு.”

டெஸ்க்டாப்பில் ஒரு சின்ன புரோகிராம் போட்டேன். சுவிட்சை அழுத்திக் கீபோர்டை மாற்றுவது, அதன் யூஎஸ்பியைச் சொருகி எடுப்பது போலத்தான். யூஎஸ்பி சொருகினால் திரை டெஸ்க்டாப்புக்கு வரும். எடுத்தால் லேப்டாப்புக்குப் போகும். எந்த யூஎஸ்பி என்று எழுதவில்லை. மெத்தனம்தான்.

மறுவாரம் நான் அங்கே இருந்தபோது உடையார்பாளையம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். இறந்துபோன கணவரின் பென்ஷன் அவருக்கு வருகிறது. உயிரோடிருப்பதற்குச் சான்றாக வருஷா வருஷம் கைரேகை வைக்காவிட்டால் நின்றுவிடும். டெஸ்க்டாப்பில் சொருகியிருந்த கைரேகை ரீடரில் விரலை அழுத்தினார். திரை இருண்டு லேப்டாப் படம் வந்தது. பயந்து எடுத்தார். டெஸ்க்டாப் திரும்பி வந்து, ‘மீண்டும் முயலவும்’ என்றது. எத்தனை முறை வைத்தாலும் அதே கதை.

“என்ன வேலைம்மா பாக்குறீங்க?” என்றேன்.

“முந்திரிக்கொட்டை உடைக்கிறேங்க.”

“அதான். கொட்டை எண்ணெய் ரேகையத் தின்னுடுச்சு. கையை நல்லா தேச்சுக் கழுவிட்டு வாங்க.”

வரிசையில் ஒருவர், “அந்தம்மா கை பட்டாலே கம்ப்யூட்டர் கண்ண மூடிக்குதே!” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த அம்மா தலையைக் குனிந்தபடி குழாயடிக்குப் போனார்.

அனிதா மேசையைத் துடைத்தபோது ரீடர் கேபிளில் கை பட்டது. யாரும் விரல் வைக்கவில்லை. திரை லேப்டாப்புக்குப் போனது.

கேபிளை அசைத்துப் பார்த்தேன். லூஸ். விரலை அழுத்தினால் இணைப்பு விடுகிறது, எடுத்தால் ஒட்டுகிறது. ரீடரும் யூஎஸ்பிதானே! ‘ரீடர் இணைப்பில் இல்லை’ என்று டெஸ்க்டாப் ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறது. அந்த நேரம் பார்த்துத் திரையை மாற்றி, யார் கண்ணிலும் படாமல் செய்தது என் புரோகிராம்.

ரீடரை வேறு போர்ட்டில் இறுக்கமாகச் சொருகினேன். புரோகிராமில் கீபோர்டின் ஐடியை மட்டும் எழுதினேன். அம்மா வந்தார். செங்கல் துண்டால் தேய்த்தாராம். விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது. வைத்ததும் பதிந்துவிட்டது.

“மன்னிச்சுக்குங்கம்மா, உங்க கையில குத்தமில்ல. நான் செஞ்ச தப்பு” என்று எல்லார் முன்னாலும் சொன்னேன்.

“அட, நீங்க வேற தம்பி! நீங்க சொன்னாப்புல தேச்சேன்ல, அதான் ஏத்துக்கிச்சு.”

கூனிக் குறுகிப் போனேன்.

சர்வீஸுக்குப் புதிதாக வருகிறவர்களே, எந்த டிவைஸ் என்று ஐடியோடு எழுதுங்கள். ஆளைக் குறை சொல்லும் முன் கேபிளை அசைத்துப் பாருங்கள். சொன்ன சொல்லை அழித்து எழுத முடியாது. அடுத்த வருஷமும் அந்த அம்மா வந்தாராம். அனிதா கூப்பிடக் கூப்பிட, நேராகக் குழாயடிக்குத்தான் போனாராம்.