கக்கூசு வாசலில் படகு

மாடியில் நான், என் மனைவி, பக்கத்து வீட்டு அக்கா, அவள் புருஷன், அவர்கள் ஆடு. கீழே தெருவெல்லாம் வெள்ளம். முகத்துவாரத்தில் கட்டுகிற பழக்கத்தில், என் பைபர் படகை மாடிக் கம்பியில் கயிற்றை நீளமாக விட்டுக் கட்டியிருந்தேன்.

மத்தியானம் தண்ணீர் சட்டென்று வடிந்தது. படகு அக்கா வீட்டுக் கக்கூசுப் படிமேல், கதவை அடைத்து உட்கார்ந்துவிட்டது. மேட்டில் கட்டியதால் தெருவில் சேறு புகாத கக்கூசு அது ஒன்றுதான்.

"இன்னா நைனா, இங்கயா கப்பல நிறுத்துவே?" என்றாள் அக்கா.

"தள்ளி வுட்டா ஒடஞ்சிடும்க்கா. அப்பால நாங்க இன்னா துன்றது?"

"துன்றது கெடக்கட்டும். தெருவே வயித்தப் புடிச்சிகினு கீது."

படகு இழுக்கக் கூப்பிட்டால் சாக்குச் சொல்பவர்கள் தாமாக ஓடி வந்து தூக்கினார்கள். படகில் ஒரு கீறல் இல்லை. உடனே வரிசை நின்றது. அக்கா என்னைக் கடைசியில் நிறுத்தினாள்.

எனக்கு முன்னால் பதினெட்டுப் பேர்.